பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தலைமை அலுவலகமும் ஏற்காட்டில் காபித் தோட்ட அலுவலகமும் உள்ள ஒரு வணிக நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பது என் பணி. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, "பாஸ்வேர்டு ஏத்துக்க மாட்டேங்குதுங்க சார்" என்றுதான் தொடங்குகின்றன. உடனே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆனால் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் தடயமும் கலைந்துபோகும். ஆகவே யாருக்கு, எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் அப்படித்தானா என்று கேட்டறிந்த பிறகே விசைப்பலகையில் கை வைக்கிறேன்.

கிடங்குப் பொறுப்பாளர் ஒருவரின் கணக்கு தினமும் காலை ஒன்பதரை மணியளவில் பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டாலும் மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கு பூட்டப்பட்டால், அதை இயக்கும் டொமைன் கண்ட்ரோலர் என்ற சர்வரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற எண்ணில் ஒரு குறிப்பு விழும். தவறான முயற்சி எந்தக் கணினி வழியாக வந்தது என்பதையும் அதில் பார்க்கலாம். அங்கே இருந்தது அவருடைய கணினியின் பெயரல்ல, வைஃபை உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரின் பெயர். அந்தச் சர்வரின் பதிவுகளில் அதே நிமிடத்தைத் தேடியபோது ஒரு கைபேசியின் மேக் முகவரி, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண், கிடைத்தது. மூட்டைகளைப் படம் எடுப்பதற்காக அவரே கிடங்கில் கொடுத்துவைத்திருந்த பழைய கைபேசி அது. காலையில் ஊழியர் அதை இயக்கியதும், எப்போதோ சேமித்துவைத்த பாஸ்வேர்டைக் கொண்டு அது வைஃபையில் நுழைய முயன்று முயன்று, அனுமதித்த எண்ணிக்கையைக் கடந்து, அவர் கணக்கையே பூட்டிவிட்டது. கைபேசியில் அந்த வைஃபை இணைப்பை நீக்கியதோடு தொல்லை நின்றது. காரணமின்றிக் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே தன் வழிகாட்டுதலில் கூறிவிட்டது. அது சரியென்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இப்படி எங்கோ ஒரு கருவி பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஏற்காட்டுக் கோளாறு வேறு வகையைச் சேர்ந்தது. "நேத்து வரைக்கும் இதே பாஸ்வேர்டுதாங்க சார், இன்னைக்கு எங்க மூணு பேருக்குமே ஏத்துக்கல" என்றார் அங்குள்ள கணக்கர் அம்மா. மூன்று பேருக்குமே என்ற அந்தச் சொல்லிலேயே பாதி விடை இருந்தது. ஒரே காலையில் மூவரும் பாஸ்வேர்டை மறக்க மாட்டார்கள். எனவே பார்க்க வேண்டியது அவர்கள் மூவரும் பயன்படுத்தும் சிறிய லினக்ஸ் சர்வரைத்தான். அதன் பதிவில் 'கிளாக் ஸ்கியூ டூ கிரேட்' (கடிகார வேறுபாடு மிக அதிகம்) என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் முறையில், இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், இயல்பான அமைப்பின்படி, அடையாளச் சரிபார்ப்பு மறுக்கப்படும். ஒருவர் முன்பு அனுப்பிய உள்நுழைவு அனுமதிச் சீட்டைத் திருடி வைத்துக்கொண்டு பிறகு இன்னொருவர் பயன்படுத்துவதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு. கோடை இடிக்குப் பயந்து தோட்ட அலுவலகத்தில் மாலையானால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். மலையில் அது நியாயமான பழக்கம்தான். சர்வரின் மதர்போர்டில் இருந்த காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், மின்சாரம் நின்றதும் கடிகாரமும் நிலை தவறியது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவைக்குரிய 123ஆம் போர்ட் என்ற பிணைய வாயில் ரவுட்டரில் அடைக்கப்பட்டிருந்ததால், காலையில் அது தானாகத் திருந்தவும் வழியில்லை. பேட்டரியை மாற்றி, போர்ட்டைத் திறந்து, சேலத்துச் சர்வரிடம் நேரம் கேட்கும்படி அமைத்தோம். யாருடைய பாஸ்வேர்டையும் தொடவேயில்லை.

சர்வரின் வட்டு (டிஸ்க்) நிரம்பினாலும் புகார் கணக்கின் மேல்தான் வரும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரை ஒருமுறை மின்னி மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே வந்து நிற்பது, பல நேரங்களில், தற்காலிகக் கோப்பு எழுதக்கூட இடமில்லாததால்தான். பெரிய பதிவுக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லையென்றால், ஏதோ ஒரு சேவை அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும், முழுச் சர்வரையும் நிறுத்த வேண்டியதில்லை. இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாக வட்டில் ஒதுக்கப்படும் பதிவிடங்கள்) தீர்ந்தனவா என்று பார்க்க வேண்டும்.

வேலையை விட்டுச் செல்பவர்களின் கணக்கில்தான் எனக்கு மிகுந்த கவனம். மூத்த கணக்கர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, அவர் கணக்கை முடக்குவதற்கு முன், அவர் பெயரில் எந்தெந்தத் திட்டமிட்ட பணிகள் ஓடுகின்றன என்று பார்த்தோம். இரவு நேர பேக்கப் அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கை முடக்கியிருந்தால் பேக்கப் ஓசையின்றி நின்றிருக்கும். கோப்பு ஒன்று தொலையும் நாள்வரை எவருக்கும் தெரிந்திருக்காது. அதற்கென்று, எந்த ஊழியருக்கும் சொந்தமல்லாத தனிச் சேவைக் கணக்கை உருவாக்கி, அதிலிருந்து எடுத்த பேக்கப்பில் ஒரு பழைய பற்றுவரவுக் கோப்பை மீட்டுத் திறந்து பார்த்த பிறகே, அவர் கணக்கை முடக்கினோம்.