கேம் திக்குகிறதா? எல்லாவற்றையும் ‘லோ’வுக்கு இறக்காதீர்கள்

கேம் திக்கித் திக்கி ஓடினால் பலர் உடனே கிராபிக்ஸை ‘அல்ட்ரா’விலிருந்து ‘லோ’வுக்கு இறக்கிவிடுகிறார்கள். படம் மங்கிப்போகும், திக்கல் பல நேரம் அப்படியே இருக்கும். திணறுவது ஜிபியுவா (படத்தை வரையும் கிராபிக்ஸ் சிப்), சிபியுவா (கணினியின் முதன்மைச் செயலி) என்று தெரியாமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்க வேண்டாம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு பயன்பாடு, விரேம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்), ஃபிரேம் டைம் (ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு படத்தை, வரைய ஆகும் நேரம்) மூன்றையும் திரையில் வரவழையுங்கள். விசின்க் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டுவது), ஃபிரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, கேமில் கூட்டம் அதிகமுள்ள இடத்தில் நின்று பாருங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சுமை அதன் தலையில். 60, 70 என்று தொங்கினால் பெரும்பாலும் சிபியுதான் அதைக் காக்க வைக்கிறது. சந்தேகமிருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறவில்லையா? சிபியுதான்.

ஜிபியு திணறினால் முதலில் ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) அணையுங்கள். அடுத்து நிழல், வால்யூமெட்ரிக் ஃபாக் (பனிமூட்டம்), பிரதிபலிப்பு மூன்றையும் ஒரு படி மட்டும் இறக்குங்கள். ஓடும் ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் படுவது அரிது. போதவில்லையென்றால் அப்ஸ்கேலிங், அதாவது சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. 1440-இல் என்விடியாவின் அப்ஸ்கேலிங்கான டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் வைத்தால் உள்ளே 960-இல்தான் வரைகிறது, அதனால் சுமை நன்றாகவே குறையும்.

சிபியு என்றால் இதெல்லாம் பெரிதாக உதவாது. வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை காட்டுவது), கூட்டத்தின் அடர்த்தி, பிசிக்ஸ் (பொருள்களின் அசைவுக் கணக்கு) ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். ரே டிரேசிங் மட்டும் விதிவிலக்கு, அது சிபியுவையும் சேர்த்தே தின்னும்; அதை அணையுங்கள். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தாலும் இதே திணறல் வரும்; ஒரே மாதிரி இரண்டு குச்சிகளை டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி) போடுவது நல்லது.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் மேற்பரப்புப் படம்) கதை வேறு. விரேமில் இடமிருக்கும்வரை அதைக் குறைத்து எஃப்பிஎஸ் ஏறாது. இடம் நிரம்பிவிட்டால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் வெட்டும். அப்போது ஒரு படி இறக்கினாலே போதும். சாய்வாகத் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் 16-இலேயே இருக்கட்டும், அதற்குப் பெரிய செலவில்லை.

சராசரி எஃப்பிஎஸ்ஸை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு நொடியில் 59 ஃபிரேம் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 115 எடுத்தாலும் கவுண்டர் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ அது பளிச்சென்ற வெட்டு. அதனால் ஃபிரேம் டைம் கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். 50-க்கும் 90-க்கும் இடையே அலைவதைவிட எப்போதும் எட்டக்கூடிய ஓர் எண்ணில் பூட்டுவதே மேல். விஆர்ஆர் (ஃபிரேம் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எஃப்பிஎஸ்ஸை 141-ஐத் தாண்டவிடாதீர்கள்.

புதிய இடத்தில் முதல்முறை மட்டும் வெட்டி, திரும்பப் போனால் வெட்டவில்லையென்றால் அது பெரும்பாலும் ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) ஜிபியுவுக்கு ஏற்பத் தயாராவது, அதாவது கம்பைல் ஆவது. எந்த செட்டிங்கும் அதைத் தீர்க்காது. கேம் தொடக்கத்தில் ஷேடர்களைத் தயாரித்தால் அது முடியும்வரை காத்திருங்கள்; டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடியும் தயாரிக்க நேரும்.