சர்வதேசச் சுற்றாடல் சட்டத்தரணியாக: யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குபவர்களுக்கு

இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகள் சர்வதேசச் சுற்றாடல் சட்டம் என்றதும் ஜெனீவாவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு முதல் ஒரு கிணற்றுத் தண்ணீர் அறிக்கையைப் பிழையில்லாமல் வாசிக்கப் பழக வேண்டும்.

நைத்திரேற்று 12 என்று அறிக்கையில் இருக்கும். பயப்பட வேண்டுமா? அலகைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நைத்திரேற்றாக அளந்திருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், 12 ஒன்றுமேயில்லை. நைதரசனாக அளந்திருந்தால் அதே எல்லை ஏறத்தாழ 11.3. அப்போது கிணறு எல்லையைத் தாண்டிவிட்டது. இதைக் குழப்பி மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு முதல் நாளே பிடித்துவிடும்.

கிணற்றில் எண்ணெய் கலந்த வழக்கு என்றால் தண்ணீர் மாதிரி எடுப்பதிலேயே வழக்குப் பழுதாகும். பிளாஸ்ரிக் போத்தல் கூடாது, சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிதான். போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீரால் அலசவும் கூடாது, அளவு கூட்டிக் காட்டும். அமிலம் சேர்த்து pH-ஐ 2-க்குக் கீழே கொண்டுவந்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயர், நேரம், கையொப்பம். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது நாட்கணக்கு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதந்தான். தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், 14 வேலை நாள் என்பதே ஏறக்குறைய மூன்று கிழமை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் காணாது. விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

மனுவில் ஸ்ரொக்ஹோம், ரியோ என்ற ஐ.நா. சுற்றாடல் பிரகடனங்களை அடுக்கினால் மட்டும் எடுபடாது. அரசியலமைப்பின் 27(14) சுற்றாடலைக் காக்கும்படி அரசுக்குச் சொல்கிறது; ஆனால் அது வழிகாட்டிக் கோட்பாடு, அதை மட்டும் வைத்து வழக்காட 29ஆம் உறுப்புரை விடாது. ஆகவே சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 12(1)-ஐ முன்னே வைத்து, தேசிய சுற்றாடல் சட்டத்தின் எந்தக் கடமையை அதிகாரி செய்யவில்லை என்று காட்டி, அதன் பின்னால் ரியோவைக் கொண்டுவர வேண்டும். எப்பாவல பொஸ்பேற்று அகழ்வுத் திட்டம் பற்றிய 2000ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை வரிவரியாக வாசியுங்கள். பிறகு கிணறுகளில் எண்ணெய் கலந்த சுன்னாகம் வழக்கு: 2019 ஏப்ரல் 4, மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற சர்வதேசக் கோட்பாடு நம்முடைய கிணற்றடிக்கு வந்த வழி அது.

வெளிநாட்டு முதுமாணிப் படிப்புக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும்; முதல் நாளிலிருந்தே குறித்து வைத்தால் பிறகு அலைய வேண்டாம். டானியூப் ஆற்று அணைத் திட்டம் பற்றிய ஹங்கேரி–ஸ்லோவாக்கியா வழக்கில் (1997) இலங்கையரான நீதிபதி வீரமந்திரி எழுதிய தனிக்கருத்தை அவசியம் பாருங்கள், நம்முடைய குளங்கள் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நிற்கும் இடம் அது.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. பாக்கு நீரிணையில் இழுவை மடி (கடலடியை வாரியிழுக்கும் வலை) இருக்கிறது: இந்திய–இலங்கைக் கடல் எல்லை பற்றிய 1974, 1976 ஒப்பந்தங்கள், கடற்சட்ட உடன்படிக்கையின் 192ஆம் உறுப்புரை, இழுவை மடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். பருத்தித்துறைக்குப் போகும்போது, இழுவைப் படகால் அறுந்த மீனவர் வலையைப் படமெடுத்தால் மட்டும் போதாது. அறுந்த திகதி, கடலில் எந்த இடம், வலை வாங்கிய பற்றுச்சீட்டு, மூன்றையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.