நாசிலை என் கையில் கொடுங்க தம்பி

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டேன். ஏற்காட்டில் அத்தை வீட்டு விசேஷம், அம்மாவும் கூட வந்தார். வண்டி 1978 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கியது, வீட்டில் எல்லாரும் இன்றைக்கும் ஃபியட் என்றுதான் சொல்வோம். சேலம் அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, இறங்கி, டேங்க் மூடியைச் சாவி போட்டு நானே திறந்து, "தம்பி, நாசிலை என் கையில் கொடுங்க, நானே பிடிச்சுக்கறேன்" என்றேன். நாசில் என்றால் பெட்ரோல் குழாயின் நுனியில் கையால் அழுத்திப் பிடிக்கிற முனை. பையன் தயங்கினான். "அப்படியெல்லாம் கஸ்டமர் கையில தரக்கூடாதுங்கண்ணா, மேனேஜர் திட்டுவாரு" என்றான். அவனோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். "எதுக்குடா இவ்வளவு பிடிவாதம், அந்தப் பையன் போட்டா என்ன?" என்று அம்மா பின்சீட்டிலிருந்து கேட்டார். அம்மாவுக்கு வண்டியிலேயே சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இப்போதைய நாசில்களில் ஒரு ஏற்பாடு உண்டு. நுனியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், டேங்க் நிரம்பி பெட்ரோல் அந்தத் துளையை அடைத்ததும் காற்று நின்று, உள்ளே இருக்கிற வால்வு பட்டென்று மூடிக்கொள்ளும். புது வண்டிகளில் இது கச்சிதமாக வேலை செய்யும். பழைய வண்டிகளில் டேங்க் கழுத்து இந்த நாசிலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. சில வண்டிகளில் பாதி டேங்கிலேயே தெறித்துத் தெறித்துக் கட் ஆகும், சிலவற்றில் பொங்கி வழிகிற வரை கட் ஆகாது. என் வண்டியில் நாசிலை முழுக்க உள்ளே தள்ளக் கூடாது, பாதி நுழைத்து லேசாகச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். காதை வைத்துக் கேட்டால் டேங்க் நிறைவது சத்தத்திலேயே தெரியும். இதை ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு பையனிடமும் அவன் பின்னால் பத்து பைக் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது சொல்லிப் புரிய வைக்க முடியுமா?

அதோடு இன்னொரு பழக்கம் இருக்கிறது, ரவுண்டு பண்ணுவது. கட் ஆன பிறகும் மீட்டரில் 1,963 ரூபாய் என்று நின்றால் "ரெண்டாயிரமா போட்டுடறேங்கண்ணா" என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், சில்லறைத் தொல்லை இருக்காதே என்று. ஆனால் பெட்ரோல் 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 சதவீதம் விரியும். தரைக்கடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோலை கழுத்து வரை நிரப்பிக்கொண்டு, சித்திரை வெயிலில் அடிவாரம் போய், அங்கிருந்து மூக்கை மேலே தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் என்ன ஆகும்? மூடி ஓரமாகக் கசியும். எனக்கு ஆகியிருக்கிறது. நாலாவது வளைவிலேயே வண்டிக்குள் பெட்ரோல் வாடை, அம்மாவுக்குக் குமட்டல். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் மூடிக்குக் கீழே பெயின்ட் மேல் கோடு கோடாக வழிந்திருந்தது. அந்த இடத்தில் பெயின்ட் இன்றைக்கும் மங்கித்தான் இருக்கிறது. பெயின்ட் போனால் போகட்டும், சைலன்ஸர் சூடாக இருக்கிற மலைப்பாதையில் பெட்ரோல் சொட்டுவது சாதாரண விஷயமா?

இதைவிடப் பெரிய அடி 2019 மே மாதம் வாங்கினேன். வேறு ஒரு பங்க், பேர் வேண்டாம். அம்மா தண்ணீர் கேட்டார் என்று "பத்து லிட்டர் போடுப்பா" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்வந்தேன், இரண்டு நிமிஷம்கூட இருக்காது. வந்து பணம் கொடுத்து, வண்டியும் ஸ்டார்ட் ஆகி ஒழுங்காக ஓடியது. பைப்பிலும் கார்புரேட்டரிலும் இருந்த பழைய பெட்ரோல் தீரும் வரைதான் அந்த ஓட்டம். ஒன்றரை கிலோமீட்டர் போனதும் மிஸ்ஸிங், பின்னால் ஒரே வெள்ளைப் புகை, அப்புறம் நின்றே விட்டது. பையன் போட்டது டீசல். திரும்பிப் போய்க் கேட்டபோது அவன் முகம் வெளுத்துப்போனது. "இந்த மாதிரி பழைய வண்டி எல்லாம் டீசல்தானேண்ணா ஓடும்?" என்றான். அவனுக்குப் பத்தொன்பது இருபது வயசுதான் இருக்கும். அவன் பார்த்து வளர்ந்த பழைய வண்டி எல்லாம் டீசல் அம்பாசிடராகத்தான் இருந்திருக்கும், அவனைக் குறை சொல்ல முடியுமா? புகார் எழுதினால் அவன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று தெரியும், எழுதவில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவி, பைப் ஊதி, கார்புரேட்டர், பிளக் எல்லாம் சுத்தம் செய்து மெக்கானிக் அண்ணன் வண்டியைத் திருப்பிக் கொடுக்க நான்கு நாள் ஆனது. அன்றையிலிருந்து இந்த வண்டிக்குப் பெட்ரோல் நான்தான் போடுவேன் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

இதை ஒரு நாள் சித்தப்பா மகனிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். அவன் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் பக்கம் ஹில்ஸ்பரோவில் இருக்கிறான். "அண்ணா, நீ சொல்றதைத்தான் இங்க எழுபது வருஷமா பேசிக்கிட்டிருந்தாங்க" என்றான். எனக்கு ஆச்சரியம். அமெரிக்கா என்றாலே ஆளே இல்லாத பங்க், கார்டைச் செருகி நாமே போட்டுக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற மாநிலங்களில் அப்படித்தானாம். ஆனால் நியூ ஜெர்சியில் 1949லும், ஆரிகனில் 1951லும் வாடிக்கையாளர் தன் கையால் பெட்ரோல் போடக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இவன் போன புதிதில் தெரியாமல் இறங்கி நாசிலைத் தொட, பங்க் ஆள் ஓடி வந்து தடுத்தாராம்.

காரணம் என்று பார்த்தால் தீ விபத்து பயம்தான் முதலில். ஆரிகன் சட்டத்தில் மொத்தம் 17 காரணங்கள் எழுதி வைத்திருந்தார்கள். மழையில் தரை வழுக்கும், பெட்ரோல் ஆவி உடம்புக்கு ஆகாது, வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிரமம், குழந்தையை வண்டியில் தனியாக விட்டுவிட்டு இறங்க வேண்டியிருக்கும் என்று போகிறது அந்தப் பட்டியல். நியூ ஜெர்சியில் வேறொரு கதையும் உண்டு. 1940களின் கடைசியில் ஹேக்கன்சாக் ஊரில் ஒருவர், மற்றவர்கள் கேலன் 21.9 சென்ட்டுக்கு விற்றபோது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று 18.9 சென்ட்டுக்குக் கொடுக்க, கூட்டம் அங்கே போய்விட்டது. போட்டி பங்க்காரர்கள் கைகோத்துக்கொண்டு கேட்டு வாங்கிய தடை அது என்று சொல்வார்கள்.

சித்தப்பா மகனுடைய பக்கத்து வீட்டுக்காரர் 1957 மாடல் செவர்லே வைத்திருக்கிறார். அந்த வண்டியில் டேங்க் மூடி எங்கே இருக்கிறது தெரியுமா? பின்பக்கம் இடதுபுறம் இறக்கை மாதிரி நீண்டிருக்கிற பகுதியின் ஓரத்தில் குரோம் பட்டை ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே. முந்தைய 1956 மாடலில் இடது டெயில் லைட்டுக்குப் பின்னால். பங்கில் வேலைக்கு நிற்கிற சின்னப் பையன்கள் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்களாம். அந்தத் தடை இருந்தபோது அவர் இறங்கித் திறந்து காட்டிவிட்டு நாசிலைக் கேட்டால் சிலர் கொடுப்பார்கள், சிலர் அபராதம் பங்குக்கு வரும் என்று பயந்து தரமாட்டார்கள். இதைக் கேட்டபோது கோரிமேட்டுப் பையனும் அவனுடைய மேனேஜரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பழைய வண்டிகளின் டேங்க் சமாசாரமே தனி உலகம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் முன்பக்க மூடிக்கு அடியில் டேங்க். ஃபோர்டு மாடல் ஏயில் கண்ணாடிக்கு முன்னால், ஓட்டுகிறவர் முழங்காலுக்கு மேலேயே டேங்க், அங்கே சிந்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாடல் டி பெரும்பாலானவற்றில் முன்சீட்டுக்கு அடியில், உட்கார்ந்திருக்கிறவர்கள் இறங்கி சீட்டு மெத்தையைத் தூக்கினால்தான் பெட்ரோல் ஊற்ற முடியும். அந்த வண்டிக்குப் பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி இன்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் குறைவாக இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் டேங்கைவிட மேலே போய்விடும், பெட்ரோல் வராது. அதனால் ரிவர்ஸ் போட்டுப் பின்னோக்கி ஏறுவார்கள். நம் ஏற்காடு மலையில் ஒரு மாடல் டி அரை டேங்கோடு எப்படி ஏறியிருக்கும் என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்குத் தோன்றும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வண்டியின் டேங்கைப் பற்றி சட்டம் எழுதியவருக்கோ பங்க் ஊழியருக்கோ என்ன தெரியும்? அதை வருஷக்கணக்காக வைத்துத் துடைக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

ஆரிகனில் இதற்கு ஒரு நல்ல வழி முன்பே இருந்திருக்கிறது, ஆனால் பைக்குக்கு மட்டும். பங்க் ஊழியர் நாசிலை எடுத்து பைக் ஓட்டி கையில் கொடுக்கலாம், அவர் தன் டேங்கில் தானே போட்டுவிட்டு ஊழியரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். காலுக்கு நடுவில் சூடான இன்ஜின் மேல் டேங்க், சிந்தினால் ஆபத்து, அதனால் இந்த விலக்கு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். ஊழியர் அங்கேயே நிற்கிறார், மீட்டரை அவர்தான் பார்க்கிறார், அவர் வேலையும் போகவில்லை. பழைய கார்களையும் அதே வரியில் சேர்த்திருக்கலாம்.

அங்கே 2018ல் மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்களில் தளர்த்தி, கடைசியில் 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆளுநர் டினா கோடெக் கையெழுத்துப் போட்டு மாநிலம் முழுக்கத் தடையை எடுத்துவிட்டார்கள். ஒரு பங்கில் பாதி பம்புகளுக்கு மேல் சுயசேவைக்கு விடக் கூடாது, ஆள் போட்டாலும் நாமே போட்டாலும் ஒரே விலைதான் என்று நிபந்தனை. நியூ ஜெர்சி மட்டும் இன்னும் பழைய சட்டத்தோடு நிற்கிறது. ஆரிகனின் தலைநகர் பெயர் என்ன தெரியுமா? சேலம்! "உங்க ஊர்லதாண்ணா சட்டத்தை மாத்தினாங்க" என்று சித்தப்பா மகன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆளே இல்லாத பங்க் நம் ஊருக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் எட்டு மணி நேரம் பெட்ரோல் வாடையில் நிற்கிற அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் எத்தனை வீடு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவருடைய மகள் பங்கில்தான் நிற்கிறாள். என் அம்மா மாதிரி கால் வலிக்காரர்கள் இறங்கிப் போட முடியுமா? நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஜீரோ காட்டுங்கள், நாசிலை எடுங்கள், பழைய வண்டிக்காரர் கேட்டால் ஒரு நிமிஷம் அவர் கையில் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது, பழைய ரப்பர் பைப், கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. டேங்கில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பதில் எங்களுக்கு முன்பைவிட அதிகக் கவலை.

அன்றைக்கு கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டுவதற்குள் இன்னொரு பங்கில் நிறுத்தினேன். ஒரு அக்கா நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் "எங்க மாமா கிட்ட இதே கலர்ல இருந்துச்சுங்க" என்றார். கேட்டதும் நாசிலைக் கொடுத்தார். மீட்டரை அவர் பார்க்க, நான் மெதுவாக 18 லிட்டர் போட்டேன், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வாங்கித் திருப்பி மாட்டிவிட்டு, "மலை ஏறும்போது இன்ஜின்ல இருக்கிற பெட்ரோல் பம்புல ஈரத்துணி சுத்திக்கோங்க, மாமா அப்படித்தான் ஏறுவாரு" என்றார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அதையும் செய்தேன். ஏர் லாக் ஆகாமல், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பைப்பை அடைத்துக்கொள்ளாமல், ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தோம்.

சேலத்தில் இப்படி நாசிலைக் கையில் தருகிற பங்க் வேறு எங்காவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் பக்கம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.