பேர் எழுதாத ஏரிகள்

ராத்திரி தூக்கம் வரவில்லை. கனடாவின் வடகோடியில், நூனவுட் பகுதியின் 1:50,000 அளவு (தாளில் ஒரு செ.மீ., தரையில் அரை கி.மீ.) நிலவரைபடத் தாள் ஒன்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். தாள் முழுக்க நீலம்தான். எழுபது ஏரி வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். பாதிக்கு மேல் பேரே எழுதவில்லை. சிலவற்றின் நடுவில் நீர்மட்ட உயரம் மட்டும் ஒரு சின்ன எண்ணாக நிற்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தால் ஏரிகள் பலவும் ஒரே பக்கமாக நீண்டு கிடக்கின்றன. பனியுகத்தில் பனிப்பாளம் நகர்ந்து இழுத்த கோடுகள் அவை. ஊடே அம்புமுனைகளை வரிசையாக அடுக்கினாற்போல் ஒரு குறி நெளிந்து போகிறது. அந்தப் பனிக்கு அடியில் ஓடிய ஆறு விட்டுப்போன மணல் வரப்பு! எத்தனை அழகு.

1893இல் டிரெல் சகோதரர்கள் இருவர் கேனோ படகில் துடுப்புப் போட்டு இந்தப் பக்கம் அளந்துகொண்டே வந்தார்கள். டுபான்ட் ஏரியை அடைந்தது ஆகஸ்டில். அப்போதும் அதில் பனிக்கட்டி. மறு வருடம் கசான் ஆற்றுப் பயணத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் தங்கள் நினைவிலிருந்தே ஆற்றை வரைந்து கொடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அப்புறம் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. அப்படியும் கனடா முழுமைக்குமான 1:50,000 தாள்கள் முடிந்தது 2012இல்தான்.

இந்த ஏரிகளில் தலைமுறைகளாக மீன் பிடித்தவர்கள் வைத்த பெயர்கள் இருக்கின்றன. அவை இந்தத் தாளில் ஏற வேண்டும், அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே.