அம்மாவோடு அயோனியன் கடற்கரையில்

ஜூன் 14, 2025, சனி

கிரீஸின் கோர்ஃபு தீவுத் துறைமுகத்தில் காலை ஒன்பதுக்குக் கப்பல் ஏறினோம். அல்பேனியாவின் சரண்டாவில் இறங்கும்போது அங்கே மணி எட்டே முக்கால்கூட ஆகவில்லை. கிரீஸுக்கும் அல்பேனியாவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறுத்துவிட்டாள். "இந்தக் கொஞ்ச நாளைக்கு எதுக்குடா? நான் கழிச்சுப் பார்த்துக்கறேன்."

எனக்கும் மனைவிக்கும் ஜெர்மன் குடியிருப்பு அட்டை போதும். அம்மாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வாங்கி, அதை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தால் அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டாம். ஒருமுறை நுழைவு விசாவோடு வந்தால் மறுபடி கோர்ஃபுவுக்குள் விடமாட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறவர்கள் விண்ணப்பிக்கும்போதே கவனியுங்கள்.

இன்னொன்று: அல்பேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஜெர்மன் சிம்மின் ரோமிங் சலுகை இங்கே செல்லாது. கப்பலிலேயே டேட்டாவை அணைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

க்சாமில் என்ற கடற்கரை ஊர். சரண்டாவிலிருந்து டவுன் பஸ் போகிறது. நடத்துநர் கையில் லெக் நாணயமாகக் கொடுத்தால் முகம் மலர்கிறார். (ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 100 லெக்.)

போட்டோவில் பார்த்த நீலம் பொய்யில்லை. நீந்திப் போகிற தூரத்தில் குட்டித் தீவுகள். ஆனால் மணல்தான் கண்ணில் படவில்லை, தண்ணீர் விளிம்புவரை சாய்வு நாற்காலிகள். இரண்டு நாற்காலி, ஒரு குடை 2,000 லெக். முதல் வரிசை வேண்டுமென்றால் 3,000. "ஆகஸ்டில் வந்து பாருங்கள்" என்றான் வாடகை வசூலிக்கும் பையன், கொஞ்சம் பெருமையாகவே.

"கடலுக்கு வாடகையா?" என்று கேட்ட அம்மா, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து நேரே தண்ணீருக்குப் போய்விட்டாள். பெசன்ட் நகர் பழக்கம், குளிப்பதில்லை, நிற்பதுதான். ஒரு மணி நேரம் நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என் கணக்கு இதுதான்: தங்குவது சரண்டாவில், க்சாமிலுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது. மலிவு என்றுதான் அல்பேனியாவுக்குக் கிளம்பி வந்தோம், க்சாமிலிலேயே அறை எடுத்தால் அதற்கே அர்த்தமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வெயிலில் கறுத்துப்போய் எல்லோருக்கும் கடல் அலுத்தது. அதே பஸ்ஸின் கடைசி நிறுத்தம் புட்ரின்ட். 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். கிரேக்கர், ரோமர், பைசாண்டியர், வெனிசியர் என்று அடுக்கடுக்காக இருந்த இடம். 1928இல் இத்தாலியர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். அரங்கின் மேடை முன்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதில் ஆமைகள். பக்கத்துச் சுவரில் பொடி எழுத்தில் கிரேக்கக் கல்வெட்டுகள். அடிமைகளை விடுதலை செய்த பதிவுகளாம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, படிக்கத் தெரியாவிட்டாலும், வரி வரியாக விரலோட்டிப் பார்த்தாள், தொடாமல்.

கடலுக்கு அந்தப் பக்கம் கோர்ஃபு கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா ஆட்சியில் இந்த நீரிணையை இருட்டில் நீந்திக் கடக்கப் பார்த்தவர்களைக் காவல்படை சுட்டது. நாமோ பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு அரை மணியில் வந்து இறங்குகிறோம்.

ஜூன் 19, வியாழன்

சைவச் சாப்பாட்டுக்குப் பயந்தது வீண். மெல்லிய மாவடுக்குக்குள் கீரை வைத்துச் சுட்ட புரேக், அரிசி அடைத்த குடைமிளகாய், தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்டு வதக்கிய ஃபெர்கெசா. புரேக் கடையில் பெரிய வட்டத் தட்டிலிருந்து துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி விரலுக்கு வருகிறது. கூடவே பாட்டிலில் தல்லே: நம்ம மோரேதான், உப்பு போட்டது. அம்மா தினம் ஒரு பாட்டில் காலி செய்தாள். மூன்று பேர் காலைச் சாப்பாடு ஆறு யூரோவைத் தாண்டவில்லை.

செலவு வைத்தது ஏ.டி.எம்.தான். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கிறது, அதனால் மொத்தமாக எடுத்துவிடுவது நல்லது. சின்னக் கடைகளில் கார்டை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டிவிடுகிறார்கள்.

தம்பி ஃபோன் செய்தான், ஆகஸ்டில் பிள்ளைகளோடு வரட்டுமா என்று. பள்ளி விடுமுறையை மாற்ற முடியாதே என்கிறான். அப்படியென்றால் கூட்டம் நெரியும் க்சாமிலை விட்டுவிட்டு வடக்கே ஹிமாரா பக்கம் பார் என்றேன். விடுமுறைக் கட்டு இல்லாதவர்கள் செப்டம்பரில் வரலாம். ஜூனைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், நாற்காலிப் பையனும் பேரத்துக்கு இறங்கி வருவான்.