‘அங்க பாரு’ என்று காட்டாத விரல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள் முதலில் சொல்வது, “இன்னும் பேச்சு வரலை” என்பதுதான். வீட்டில் எல்லோரும் பேச்சுக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். அதற்கு ஒன்றரை வருடம் முன்பே வராமல் போனது விரல்.

12, 14 மாதத்தில் பிள்ளை சுட்டுவிரல் நீட்டத் தொடங்கும், வேண்டியதைக் கேட்க. 18 மாதத்துக்குள் வெறுமனே காட்டவும் நீட்டும். வளவுக்குள் இறங்கிய காக்கையைக் காட்டிவிட்டு, நாமும் பார்த்தோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஆட்டிசத்தில் பெரும்பாலும் தடுமாறுவது இந்தத் திரும்பிப் பார்த்தல். அதற்குப் பதிலாக, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பிரிட்ஜ் கதவில் வைக்கும். முகத்தை ஏறிட்டும் பார்க்காது.

16 முதல் 30 மாதம் வரைக்கும், ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுப் பார்க்க எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 3 முதல் 7 வரை என்றால் தவறிய கேள்விகளை மட்டும் விரிவாகக் கேட்க வேண்டும். கோளாறு நடப்பது கேட்கும் விதத்தில். “விரல் நீட்டிக் காட்டுவானா?” என்றால் ஐந்து விரலையும் விரித்து எட்டிப் பிடிப்பதையும் சேர்த்து “ஆமா” என்றுதான் பதில் வரும். “கடைசியா எப்பக் காட்டினான், எதைக் காட்டினான் ஆச்சி?” என்று கேட்டால், அப்பத்தா சற்று யோசித்து மருமகளைப் பார்ப்பார். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் சரியான பதில்.

பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பதிலும் இதே கதை. கைதட்டி, தோளைத் தொட்டு அழைத்தால் கணக்கில்லை. விளையாடும்போது பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், இடைவெளி விட்டு மூன்று முறை. பிஸ்கட் கவர் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று காதுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. அதற்கான பெரா என்ற செவித்திறன் சோதனை, பிள்ளை தூங்கும்போது எடுப்பது. வருகிற வழியில் பஸ்ஸில் தூங்கிவிட்டால் அன்றைக்கு நடக்காது. விடியற்காலையில் எழுப்பி, முழிக்க வைத்தே கூட்டி வரச் சொல்ல வேண்டும்.

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை மருத்துவக் குழு வரும். ஓடித் திரிகிறவன் கண்ணில் படுவான். ஓரமாய் மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பவள் “தொந்தரவில்லாத பிள்ளை”. தப்புவது அவள்தான்.

முடிவு தெரியும் வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி மையத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. வீட்டில் ஐந்து, பத்து நிமிடமாக நாளெல்லாம் வேண்டும். ஊஞ்சல் இருந்தால் நல்லது. “ஒண்ணு… ரெண்டு…” என்று சொல்லி இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். கண் திரும்பினாலும், உடம்பை அசைத்தாலும், “ம்” என்றாலும் உடனே “மூணு!” என்று விட்டுவிடுங்கள். இட்லியைத் தட்டில் முழுசாக வைக்காமல் துண்டு துண்டாகக் கொடுத்தால், ஒரு இட்லியில் எட்டு முறை கேட்க வாய்ப்பு.

கெடுவது அந்த ஐந்து எண்ணும் நேரத்தில்தான். பெரியவர்களுக்கு அது யுகமாகத் தெரியும். “சொல்லு, சொல்லுடா” என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளை கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் பழகும். கேட்பதை விடுத்து அது பார்ப்பதற்குப் பெயர் சொன்னால் போதும்: “காக்கா. காக்கா வந்துச்சு.” சொம்பின் படத்தைக் கொடுத்துத் தண்ணீர் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பிள்ளை சிங்கப்பூரில் வளர்ந்தாலும் வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வது வீண் அறிவுரை.

செல்போனால் ஆட்டிசம் வருவதில்லை. அம்மாவின் வளர்ப்பாலும் இல்லை. ஆனால் பெரிய வீட்டில் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் இருக்க, பிள்ளை பட்டாலைத் தூணில் சாய்ந்து போன் பார்க்கும் மூன்று மணி நேரத்தில் மேலே சொன்ன ஐந்து நிமிடங்கள் முப்பத்தாறு அடங்கும்.

தினம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் காலண்டர் தாளில் கோடு போடச் சொல்கிறோம். நாமாகத் தூண்டாமல் பிள்ளை கேட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. இரண்டு வாரமாகக் கோடு கூடவில்லையென்றால் மாற்ற வேண்டியது பிள்ளையை அல்ல, பண்டத்தை. இட்லிக்குப் பதில் தேன்குழலை ஒடித்துக் கொடுத்துப் பாருங்கள்.