எல்லாமே ஸ்ட்ராட்தான், எதுவும் பொருந்தவில்லை

ஜூலை 6, ஞாயிறு

நானே பூட்டப்போகும் எலக்ட்ரிக் கிடாருக்கு எல்லாப் பாகமும் வந்து சேர்ந்துவிட்டது. மாடல் ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். சித்தப்பா பையன் வேண்டாம் என்று கொடுத்த சீனத் தயாரிப்பு பாடி, பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் எடுத்த அமெரிக்க அளவு நெக், ஆன்லைனில் தனித்தனியாக வந்த பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்குவது), கீ (சுருதி முறுக்குவது), பாட் (வால்யூம், டோன் திருப்புவது), பிக்அப் (கம்பியின் அதிர்வை கரண்டாக மாற்றும் காந்தச் சுருள்). எல்லா அட்டையிலும் 'ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்' என்று போட்டிருக்கிறது. எந்த ஸ்ட்ராட்டுக்கு என்று மட்டும் யாரும் போடவில்லை.

ஃபெண்டர் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை இறக்கியது கலிஃபோர்னியாவில், அங்கே எல்லாம் அங்குலக் கணக்கு. பிற்பாடு ஆசியத் தொழிற்சாலைகளில் அதே வடிவத்தை அடித்தவர்கள் மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டார்கள், விலை குறைந்த மாடல்களில் பாடியையும் ஒல்லியாக்கினார்கள். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், வெர்னியர் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். இந்த பாடியின் கனம் 40 மி.மீ., முழு அளவு என்றால் 44, 45 இருக்க வேண்டும்.

அதனால் ஆரம்பத்திலேயே ஒன்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு பாகம் இடித்தால், எது மலிவோ, எது திரும்ப வாங்கக் கிடைக்குமோ அதைத்தான் அராவுவது. நெக்கில் கை வைப்பதில்லை. பாடி ஓசியில் வந்தது, எத்தனை துளை போட்டாலும் கேட்க ஆளில்லை.

ஜூலை 9, புதன்

ஆபீஸ் முடிந்து வந்து நெக் வேலை. நெக்கின் அடிப்பாகம் 56 மி.மீ. அகலம், பாடியில் உள்ள பள்ளம் 57.5. ஆடுகிறது. பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் மெல்லிய வெனீர் பட்டை ஒட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இந்த இடைவெளியால் சத்தம் கெடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கவலை என்னவென்றால், கம்பி ஏற்றியபிறகு நெக் பக்கவாட்டில் நகர்ந்தால் கடைசிக் கம்பி ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விளிம்பைத் தாண்டி வழுக்கும்.

நான்கு ஸ்குரூ துளையில் இரண்டு மட்டும் நெக்கில் உள்ள துளையோடு பாதிப் பாதி சேர்கிறது. பாதித் துளைக்குள் ஸ்குரூவை விட்டால் அது பழைய துளைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பழைய துளையை அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. நெக்கில் கை வைப்பதில்லை என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு, வெளியே தெரியாது. தெருமுனை ஆசாரி அண்ணன் தேக்குக் குச்சி சீவிக் கொடுத்தார், ஃபெவிகால் வைத்து அடித்து இறக்கியாயிற்று.

ஜூலை 12, சனி

காலையில் லேத் பட்டறை. நெக்கின் தலையில் கீ நுழைகிற துளை 10 மி.மீ., நான் வாங்கியது பழைய மாடல் கீ, அதன் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35. நடுவில் புஷ் வேண்டும். பித்தளையில் ஆறு புஷ், வெளியே 10, உள்ளே 6.4 என்று பேப்பரில் வரைந்து கொடுத்தேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த மோட்டாருக்கு தம்பி இது?"

"கிடாருக்குண்ணே. கரண்ட்ல வாசிக்கிறது."

"மாண்டலின் சீனிவாஸ் வெச்சிருந்தாரே, அது மாதிரியா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அதன்பிறகு அவர் செய்த வேலையே வேறு: ஒவ்வொரு புஷ்ஷையும் கடைசலிலிருந்து எடுத்து, கீயின் தண்டைச் சொருகிச் சுழற்றிப் பார்த்து, இறுக்கமாக இருந்த ஒன்றை மறுபடி மாட்டி முடியளவு கடைந்து கொடுத்தார்.

மதியம் ரிச்சி ஸ்ட்ரீட். 250கே (கிலோ ஓம்) பாட் கேட்டால் பெரும்பாலும் 220கே-தான் எடுத்து வைக்கிறார்கள். அதற்காக அலைய வேண்டாம். 250 என்று அச்சடித்த பாட்டிலேயே இருபது சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அளந்தால் 200 முதல் 300 வரை எதுவும் வரும். பார்க்க வேண்டியது எண்ணோடு போட்டிருக்கும் எழுத்தை, திருப்பும்போது எப்படி ஏறி இறங்கும் என்பதை அதுதான் சொல்லும். நமக்கு வேண்டியது ஏ, கடையில் நிறைய இருப்பது பி. வால்யூமுக்கு பி போட்டால் பாதி தூரம் திருப்பியும் ஒன்றும் தெரியாது, அப்புறம் கடைசியில் சட்டென்று விழும். வால்யூமுக்கு மட்டும் ஆன்லைனில் வாங்கி வைத்த அமெரிக்க பாட், டோனுக்கு இங்கே கிடைத்த 220. மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து எடுக்கவிட்டார் கடைக்காரர், புண்ணியவான்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுக்க பிரிட்ஜ். பாடியில் ஏற்கனவே இருந்த ஆறு துளையில் வெளித்துளை இரண்டுக்கும் நடுவே 52 மி.மீ. சொச்சம், புது பிரிட்ஜுக்கு 56. அதையும் அடைத்தேன்.

புதுத் துளை போடுமுன் நெக்கை இரண்டு கிளாம்ப்பில் பிடித்து, இரண்டு வெளிக் கீயிலிருந்தும் தூண்டில் நரம்பைக் கட்டி, நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) வழியாக பிரிட்ஜ் வரை இழுத்துவிட்டேன். நரம்புக்கும் நெக் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை நெக்கைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் 324 மி.மீ., அதே அளவு அங்கிருந்து சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) வரை, மொத்தம் 648. எல்லாம் சேர்ந்தபிறகு பாடியின் பின்பக்கத்திலிருந்து ஸ்குரூவை விட்டு ஒரு தட்டு. நெக் அடியில் நான்கு சின்னப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியில் 3 மி.மீ. துளை, ஸ்குரூவில் மெழுகுவர்த்தி தேய்த்து முறுக்கினால் வெண்ணெயாக இறங்குகிறது.

அடுத்த தலைவலி, பிரிட்ஜின் அடியில் தொங்கும் இரும்பு பிளாக். முழு கன பாடிக்குச் செய்தது, பின்பக்கம் இரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூடி மூடவில்லை. அடியை அராவினால் கம்பியின் குண்டு உட்காரும் குழியின் ஆழம் போய்விடும். குட்டை பிளாக் ஆர்டர் போட்டேன். மூடி இல்லாமலே வாசிக்கிறவர்கள் நிறைய உண்டு, ஆனால் சட்டை பட்டனில் சிக்கும்.

ஜூலை 19, சனி

குட்டை பிளாக் வந்தது, மேலே மூன்று ஸ்குரூவும் சேர்ந்தது, அதிசயம்.

பிக்கார்டில் (பாட்டும் பிக்அப்பும் மாட்டும் பிளாஸ்டிக் தகடு) பாட் துளை 8 மி.மீ., அமெரிக்க பாட்டின் கழுத்து 9.5. பிளாஸ்டிக்கில் டிரில் வைத்தால் பல்லில் மாட்டி விரிசல் விடும், கை ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பெரிதாக்கினேன். டோன் பாட்டின் தண்டு 6 மி.மீ. பல் வைத்தது, அமெரிக்க பாட்டுடையது முழுத் தண்டு, ஒரே மாதிரி குமிழ் மூன்றுக்கும் ஏறாது. வால்யூமுக்கு மட்டும் பக்கவாட்டு ஸ்குரூ வைத்த குமிழ்.

பிக்அப் இரண்டு ஒரு கம்பெனி, நடுவில் உள்ளது வேறு. சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒவ்வொரு பிக்அப்பின் காந்தத்திலும் ஸ்குரூ டிரைவரை வைத்து வெடுக்கென்று எடுத்தேன். இரண்டில் எண் ஏறியது, நடுவில் இறங்கியது. அப்படியே கோத்திருந்தால், நடு பிக்அப்பும் பக்கத்து பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்கிற சுவிட்சின் 2-வது, 4-வது நிலையில் சத்தம் மெலிந்து மூக்கால் பாடும். ஐந்து நிலை சுவிட்சை ஃபெண்டர் கொடுத்ததே 1977-ல்தான், அதற்கு முன் மூன்று நிலை சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி வைத்து அந்த இரண்டு பிக்அப் சேர்ந்த சத்தத்தை எடுத்தார்கள், அதைப் போய் இழப்பானேன். நடு பிக்அப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன், வேலை முடிந்தது. மூன்றும் ஒரே துருவம் என்று திசைகாட்டி சொல்வதால் ஹம் (கரண்ட் இரைச்சல்) குறையாது, அது பரவாயில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கம்பி ஏற்றியாயிற்று. நடு பிக்அப்பின் காந்தங்கள் 50 மி.மீ. அகலத்தில், கம்பிகள் அதைவிட அகலத்தில், வெளிக் கம்பி இரண்டும் காந்தத்தின் ஓரமாகத்தான் போகின்றன. காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல்.

மிச்சம் டிரெமலோ கம்பி, பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கும் கைப்பிடி. பிரிட்ஜோடு வந்தது 10-32 என்ற அங்குலக் கணக்கு மரை, தடிமன் 4.8 மி.மீ. இருக்கும். குட்டை பிளாக்கில் எம்6, அதாவது 6 மி.மீ. மரை. விட்டால் பொத்தென்று உள்ளே விழுகிறது. எம்6 கம்பி தனியாகக் கிடைக்கிறது, அடுத்த மாதச் சம்பளத்தில் பார்க்கலாம். 10-32 கம்பி யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.